மணல் இருந்த கரை

புதுவண்ணாரப்பேட்டைக்குக் குடிவந்து ஆறு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் உட்கார ஓர் இடம் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல்லும் கன்டெய்னர் லாரியும்தான் தெரிகின்றன. வடசென்னைக்குக் கடற்கரையே கிடையாதா? இங்கே பார்ப்பதற்குப் பழைய இடங்கள் ஏதாவது உண்டா?"

கடற்கரை இருந்தது தம்பி. நானே அதில் ஓடி விளையாடியிருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு குப்பத்தில் பிறந்து, ராயபுரம் பக்கம் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அலைக்குப் போக வேண்டுமென்றால் நைனா வலை காயப்போடும் மணலைத் தாண்டி, கட்டுமரங்கள் கிடக்கும் மேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். வெயில் நேரத்தில் கால் சுடும், பாதி வழியில் கட்டுமர நிழலில் நின்று போவோம். எங்கள் ஆயா அந்த மேட்டில் நின்று கடலைக் காட்டி, "நான் கல்யாணமாகி வந்த வீடு அதோ அங்கே இருந்தது" என்பாள். அவள் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருக்கும். எனக்கு அப்போது அது பாட்டி கதை. பிறகு நான் பிறந்த வீடும் அதே வழியில் போனது. ஒரு ஐப்பசியில் சமையற்கட்டுச் சுவர் விழுந்தது, அடுத்த வருடம் வீடே இல்லை. ஆயா சொன்னது அத்தனையும் உண்மை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் தொடங்க வேண்டும். வடசென்னைக் கரையில் எந்தப் பழைய இடத்தைப் பார்த்தாலும் அது கட்டப்பட்ட நாளில் கடல் எங்கே இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் இங்கே இருப்பவை எல்லாம் லாரிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய கட்டடங்களாக மட்டுமே தெரியும்.

மணல் எங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலில் நீரோட்டம் இரண்டு பக்கம் ஓடும். தெற்கிலிருந்து வடக்கே போவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. கோடை தொடங்கி மழைக்காலத்துக்கு முன்பு வரை தெண்டி, மழைக்காலத்தில் வன்னி. வருடக் கணக்குப் போட்டால் தெண்டியின் கைதான் ஓங்கியிருக்கும். கரையோரமாக மணலும் அதோடு சேர்ந்து வடக்கே நகரும். மழைக்காலத்து அலை அரித்துக்கொண்டு போனதைத் தெற்கிலிருந்து வரும் மணல் மறுபடி நிரப்பும். எத்தனையோ நூறு வருடமாக இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்தது.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவருவது மசூலா படகுகள். பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது, ஓர் ஆணி இருக்காது. ஆணி அடித்த படகு இங்கே அலை உடையும் இடத்தில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுத்து ஏறி வந்துவிடும். கவர்னராக வந்தாலும் இந்தப் படகில்தான் கரையேற வேண்டும், படகுக்காரரை நம்பித்தான் உட்கார வேண்டும்.

1861இல் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று நீட்டினார்கள். அது போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோல் அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அந்த வேலையைப் பெருமளவு உடைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். முதலில் வாசல் கிழக்கே கடலைப் பார்த்து இருந்தது, அதில் மணல் சேர்ந்துகொண்டே போனது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றித் துறைமுகத்தை நிலைநிறுத்தினார்கள்.

அந்தச் சுவர் கப்பலுக்கு நிழல் கொடுத்தது, அதே சமயம் வடக்கே போகும் மணலுக்கு வழியை அடைத்தது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்குத் தென்புறம் தங்கிவிட்டது. அப்படித் தங்கியதுதான் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் அகலமான மெரினா. அதற்கு முன்பு அங்கே அத்தனை மணல் இல்லை, அலை சாலைக்குப் பக்கத்தில் வந்துபோகும். புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்குச் சுவரும் அலைக்கு எதிரில் நின்றதுதான். இன்று அங்கிருந்து கடலைத் தேட வேண்டியிருக்கிறது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அந்தப் புதுக்கரையில் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார்.

சுவருக்கு வடக்கே என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடல் எடுப்பதை நிறுத்தவில்லை, கொடுக்க மணல் வரவில்லை. துறைமுக வேலை தொடங்கியதிலிருந்து நூறு வருடத்தில் ராயபுரம் பக்கம் கரை ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் அரித்துப்போனதாகப் பொறியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிறகு கல் கொட்டினார்கள். நீங்கள் பார்க்கும் கருங்கல் வரிசை அதுதான். இந்த நூற்றாண்டில் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்கள், போட்ட பிறகு சில இடங்களில் வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போது எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு ஓடும்: இது எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டிய மணல்.

சரி, தெற்கிலிருந்து வடக்கே போவோம்.

ராயபுரம் என்ற பெயரே கடலோடு கட்டுப்பட்டது. ராயப்பர் என்றால் பேதுரு. இயேசுவின் சீடர்களில் மீன்பிடித்தவர், தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை அப்படித்தான் சொல்வார்கள். மசூலா படகு ஓட்டிய சமூகத்தார் 1820களில் தங்கள் காசில் எழுப்பிய புனித ராயப்பர் கோவிலைச் சுற்றி எழுந்த ஊருக்கு ராயபுரம் என்று பெயர் நின்றது. அந்தக் கோவிலுக்குப் போனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கப்பலில் வந்த ஒவ்வொருவரையும் கரை சேர்த்தவர்களின் கையில் மிச்சமாக நிற்பது அந்தக் கட்டடம். துறைமுகம் வந்ததும் அவர்களுடைய தொழில் போய்விட்டது, தைத்த படகு கட்டும் கையும் அதோடு போனது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடு வரை போனது, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 28 அன்று, கவர்னர் ஹாரிஸ் நிலையத்தைத் திறந்துவைத்தார். இந்தியாவில் இதற்கு முன்பே பம்பாயிலும் ஹவுராவிலும் ரயில் ஓடியது உண்மை, ஆனால் அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. நின்றுகொண்டிருப்பதில் மூத்தது ராயபுரம். உயரமான தூண்களோடு முன்மண்டபம் இன்னும் இருக்கிறது.

ஏன் ராயபுரத்தில் கட்டினார்கள்? கருப்பர் பட்டணத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) வியாபாரிகளுக்கும் சரக்கு இறங்கும் கரைக்கும் அது பக்கம். இறங்கிய சரக்கை வண்டியில் ஏற்றி உடனே உள்நாட்டுக்கு அனுப்பலாம். 1873இல் சென்ட்ரல் வந்தது, ராயபுரத்தின் காலம் மெல்லப் போனது. நான் இளைஞனாக இருந்தபோது அந்தக் கட்டடம் பழைய சாமான் போடும் இடம்போலக் கிடந்தது. 2005ஐ ஒட்டிச் சீர்செய்தார்கள். கும்மிடிப்பூண்டி வண்டிகள் இன்றும் இங்கே நின்று போகின்றன, கடற்கரை நிலையத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். ரயில் வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இந்தப் பக்கம்தான் குடியேறின. பார்சிகளும் இங்கே இருந்தார்கள். 1910இல் கட்டிய அவர்களுடைய அக்கினிக் கோவில் ராயபுரத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். மகனை இழந்த ஒரு தந்தை அவன் நினைவாகக் கட்டிக்கொடுத்தது. வெளியாருக்கு உள்ளே அனுமதி இல்லை, தெருவில் நின்று பார்க்கலாம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கிழவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஹைதர் அலியோடு நடந்த போரின்போது 1780களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் வளர்ந்து வளர்ந்து ஆஸ்பத்திரியானது. 1938இல் கவர்னர் ஸ்டான்லி பெயரில் மருத்துவக் கல்லூரி. அரசாங்கம் எந்தப் பெயர் வைத்தாலும் ஜனங்கள் கஞ்சியை மறக்கவில்லை.

ராபின்சன் பூங்காவையும் பார்த்துவிடுங்கள், இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா என்று ஒன்று உண்டு. கருப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கட்டிய மதில் 1770களைச் சேர்ந்தது, அதில் மிச்சமிருந்த துண்டின் மேல் பூங்கா வைத்தார்கள். அந்த மதிலைக் கட்டிய செலவுக்கு வரி போட நினைத்ததில் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. மதில் கடலைத் தொட்ட வடகிழக்கு மூலையில் பீரங்கி மேடு இருந்தது. இன்று பஸ்ஸில் கண்டக்டர் 'கிளைவ் பேட்டரி' என்று கூவும் நிறுத்தம் அது. பீரங்கி எதற்கு அங்கே இருந்தது என்றால், கடல் அதன் காலடியில் இருந்தது. இப்போது அங்கே நின்றால் எதிரில் துறைமுகத்துச் சுவர்.

காசிமேடு உங்களுக்கு வீட்டிலிருந்து பக்கம், இன்னும் போகாமல் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். 1980களில் வந்த மீன்பிடித் துறைமுகம் இது. அதற்கு முன்பு கட்டுமரங்கள் நேராக மணலில் ஏறும், மீன் மணலிலேயே ஏலம் போகும். இன்று விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. விடியற்காலையில் ஏலம் கூவுவார்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, கடம்பா, நெத்திலி, கவலை, நண்டு, இறால் என்று கூடை கூடையாக வரும். கூடையை ஏலத்தில் எடுத்துத் தலையிலும் ஆட்டோவிலும் நகரமெங்கும் கொண்டுபோய் விற்பவர்கள் பெண்கள். அவர்கள் இல்லாவிட்டால் மயிலாப்பூர் பக்கத்து அடுப்பில் மீன் கொதிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் அது. அந்த நாட்களில் சின்ன ஃபைபர் படகு மீன்தான் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். அப்போதுதான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பலகை அடிப்பதையும் சாயம் பூசுவதையும் நின்று பார்க்கலாம்.

இளைஞர்கள் அங்கே 'என் ஃபோர் பீச்' என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. மீன்பிடித் துறைமுகக் காவல் நிலையத்தின் எண்தான் என்-4, கடற்கரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. சூரியன் எழுவதைப் பார்க்க இந்தப் பக்கம் அதைவிட நல்ல இடம் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி இதே துறைமுகத்துக்குள் வந்து படகுகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. கரையை இழந்த குப்பங்களுக்கு முன்னால் மணல்மேடு எதுவும் இல்லை, தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்தது. குப்பத்து ஜனங்கள் பலர் எர்ணாவூர்ப் பக்கம் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். வலை இங்கே, வீடு அங்கே என்று இன்றும் பாடுபடுகிறார்கள்.

தண்டையார்பேட்டைக்குப் பெயர் வந்த கதையை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு ராமநாதபுரத்துத் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஜனங்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள், அதனால் தொண்டியார்பேட்டை. மஸ்தான் சாகிபு பெரிய ஞானி, அவருடைய பாடல்களை எந்த மதத்தவரும் பாடலாம். 1838இல் இங்கேயே அடங்கினார், தர்காவுக்கு இன்றும் எல்லா ஜனங்களும் போகிறார்கள். ஆனால் வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1693இல் ஆங்கிலேயக் கம்பெனி எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்துப் பெற்ற ஊர்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாகிபு பிறந்தது 1790களில். ஊர் அவருக்கு முன்பே இருந்தது. அவர்மேல் வைத்த அன்பினால் ஜனங்கள் பெயரை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

காலடிப்பேட்டை இதற்கு நேர்மாறு. காலடி என்றதும் ஏதோ சாமியின் பாதம் என்று நினைக்கத் தோன்றும். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. வண்ணாரப்பேட்டையும் துணியால் வந்த ஊர்தான், கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம். காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் கோவில் இருக்கிறது. கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரத்து வரதரை நினைத்து உருகுவார், இங்கே இருந்தபடியே அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வார், கவர்னர் ஆள் அனுப்பிச் சோதித்து அசந்துபோய்க் கோவிலுக்கு உதவினார் என்பது ஊரில் சொல்லும் கதை. இப்போது மெட்ரோவே அங்கே நிற்கிறது.

இனி எங்கள் ஊர். திருவொற்றியூரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றியூர் என்ற பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் இது: பிரளய வெள்ளம் உலகை மூடியபோது இறைவன் அதை ஒற்றிப் போகச் செய்தான், விலகச் செய்தான், அதனால் ஒற்றியூர். அவனுக்கு ஆதிபுரீசுவரர் என்று பெயர். கடல் விலகிய ஊர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரின் குப்பங்களைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. ஆயா வீடு போன கதை சொல்லி முடிக்கும்போதெல்லாம் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாள்.

தியாகராஜ சுவாமி கோவில் என்றும் வடிவுடையம்மன் கோவில் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய இடம். சுந்தரர் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த மகிழ மரம் உள்ளே இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கக் கூட்டம் நெரியும். புற்று வடிவ லிங்கத்துக்கு வருடம் முழுக்கக் கவசம் போட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்துப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். கோவிலில் விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமல் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்த கலிய நாயனார் இந்த ஊர் செக்குக்காரர். வள்ளலார் ஏழுகிணற்றுப் பக்கத்திலிருந்து இங்கே நடந்து வந்து கும்பிட்டு, வடிவுடையம்மன்மேல் மாலையாகப் பாடியிருக்கிறார்.

பலர் சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். கருவறையின் பின்புறம் யானை முதுகுபோல் வளைந்திருக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பிய விமானம் அது. கட்டிய தச்சனின் பெயரையே கல்வெட்டு சொல்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். ராஜாவின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்கும், உளி பிடித்தவன் பெயர் கிடைப்பது அரிது.

இங்கே இருக்கும் இன்னொரு கல்வெட்டை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். கேரளத்தில் பிறந்த வல்லபன் என்பவன் சோழ இளவரசன் ராஜாதித்தனின் நண்பன், படைத்தலைவன். 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான். நண்பனோடு அந்தக் களத்தில் சாக முடியவில்லையே என்ற துயரம் வல்லபனை வாட்டியது. கங்கையில் முழுகிவிட்டு, துறவியாகி, இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்தின் தலைவரானான். ராஜேந்திரன் காலத்து விமானத் திருப்பணியிலும் அந்த மடத்தில் அதே பட்டத்தோடு இருந்தவரின் பெயர்தான் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பு ஒரு போர்வீரன் அழுதுகொண்டு வந்து உட்கார்ந்த கரை இது. இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பின் பெஞ்சுப் பையன்கூடத் தலை நிமிர்ந்து கேட்பான்.

வியாகரணதான மண்டபம் ஒன்று இந்தக் கோவிலில் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன, பாணினியின் இலக்கணம் கற்பித்த இடம். வடசென்னை என்றால் ரவுடி என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இங்கே இலக்கணப் பள்ளிக்கூடம் நடந்து எண்ணூறு வருடம் ஆகிறது.

கோவிலிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து நடந்தால் பட்டினத்தார் சமாதி. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே உனக்கு முக்தி என்ற வாக்கோடு ஊர் ஊராக அலைந்தவருக்கு அது இனித்த இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. இங்கே சின்னப் பிள்ளைகளோடு விளையாடினார். பிள்ளைகள் அவரை மணலில் புதைப்பார்கள், அவர் வேறு பக்கம் எழுந்து வருவார். ஒருநாள் புதைத்தார்கள், எழவில்லை. தோண்டினால் லிங்கம் இருந்தது. கதை முழுக்க மணல். இன்று சமாதிக்கு முன்னால் எண்ணூர் விரைவுச் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கல், கல்லில் அலை. ஒரு துறவியைப் பிள்ளைகள் புதைத்து விளையாட எத்தனை மணல் வேண்டும் என்று அங்கே நின்று யோசித்துப் பாருங்கள், கரை எவ்வளவு போனது என்று எந்த வரைபடமும் இல்லாமல் புரியும். ஆடி உத்திராடத்தில் குருபூஜை, அன்றைக்குச் சாப்பாடு போடுவார்கள்.

குப்பங்களின் பெயர்களையும் கவனியுங்கள். பலகைத் தொட்டிக் குப்பம், ஒண்டிக்குப்பம், திருச்சினாங்குப்பம், காசி விசுவநாதர் கோவில் குப்பம், நல்ல தண்ணீர் ஓடைக் குப்பம். கடைசிப் பெயரைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஓடை! மணல்மேடு இருக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் மணலுக்குள் தங்கும், கையால் தோண்டினாலே குடிக்கிற தண்ணீர் ஊறும். நாங்கள் அப்படித் தோண்டிக் குடித்திருக்கிறோம். இப்போது இந்தப் பக்கம் சூரை மீன் பிடிக்கும் படகுகளுக்காகப் புதுத் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தொழில் கிடைத்தால் நல்லது.

தொழிற்சாலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் எம்ஆர்எஃப். புல்லட் வண்டி 1950களில் இங்கேதான் தயாராகத் தொடங்கியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார் பூட்டியது, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் விம்கோ நகராக நின்றுவிட்டது. சங்கு ஊதும் நேரத்தை வைத்து எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேர்கிறது. 1800களில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் படகு விடவும் இங்கே வருவார்கள். அவர்கள் வந்த கால்வாய் 1806இல் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை வெட்டியது, முதலில் காக்ரேன் கால்வாய். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஜனங்களைக் கொண்டு அதை நீட்டி, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பெயரை வைத்தார்கள். பட்டணத்துக்கு விறகும் உப்பும் அதில்தான் வந்தன.

முகத்துவாரத்து ஜனங்களிடம் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஆற்றில் இறால் கிடைக்கும் இடங்களை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, எந்த நாளில் எந்த ஊர், எந்தக் குடும்பம் வலை கட்டுவது என்று முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. எழுதிய சட்டம் இல்லை, ஆனால் மீறியவர் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். மனிதர்கள் ஓர் ஆற்றைப் பங்குபோட்டுக்கொள்ள இதைவிட நியாயமான வழியை நான் பார்த்ததில்லை. அந்த ஆற்றில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்தது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் ஆற்றுக்குள்ளேயே எண்ணெய் வந்தது. படகும் வலையும் கறுத்துப்போய் நின்றதை நேரில் பார்த்தேன். வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளியவர்கள் அதே மீனவர்கள்.

அதற்கு வடக்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளி. இவற்றுக்கும் தடுப்புச் சுவர் உண்டு. சுவருக்கு வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கரை இப்போது கரைகிறது. எங்கள் ஆயா கை நீட்டிக் காட்டியதுபோல அங்கே ஒரு பாட்டி தன் பேரனுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

போவதற்கு வழி சொல்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு ஞாயிறு காசிமேடு, ராயப்பர் கோவில், ரயில் நிலையம். இன்னொரு நாள் சாயங்காலம் மெட்ரோவில் தேரடியில் இறங்கிக் கோவில், அங்கிருந்து பட்டினத்தார் சமாதி. எண்ணூருக்குத் தனியாக ஒரு காலை வேண்டும். முதல் வண்டியில் கத்திவாக்கம் போய், ஆட்டோவில் முகத்துவாரக் குப்பம் சேருங்கள். ஆறு மணிக்குள் போனால் ஆற்றிலிருந்து வரும் படகுகளைப் பார்க்கலாம். கரையில் நிற்கும் பெரியவர் யாரிடமாவது, "இன்னைக்குத் தெண்டியா வன்னியாண்ணே?" என்று கேளுங்கள். எங்கள் நைனா ஒரு பிடி மணலைத் தண்ணீரில் விட்டு அது எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று பார்த்துச் சொல்வார். அங்கே இருப்பவர்களும் சொல்வார்கள். பாடு அன்றைக்கு யாருடையது என்று கேட்டு அவர்களிடமே இறால் வாங்குங்கள், பாத்திரம் ஒன்று கையோடு எடுத்துப் போங்கள்.